லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு லேண்டிங்கைச் சீர்ப்படுத்துவது எப்படி?

கேட்டவர் கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் இருக்கிறார். பாலோ ஆல்டோ விமான நிலையத்தில் செஸ்னா 172எஸ் என்ற சிறிய நான்கு இருக்கை விமானத்தை ஓட்டிப் பழகியவர். தனியார் விமானி உரிமம் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அவர் கேட்டதன் சுருக்கம் இது: "தேர்வன்று லேண்டிங் நன்றாகத்தான் வந்தது. இப்போது பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் ஓட்டும்போது, ஒரு நாள் ஓடுபாதைக்கு மேலேயே மிதந்துகொண்டு போகிறது, இன்னொரு நாள் தட்டென்று விழுந்து குதிக்கிறது. மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் திரும்பியே தரை தொடுகிறது, டயர் கிறீச்சிடுகிறது. பக்கக்காற்று என்றால் பயமாக இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வரப்போகிறார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு ஹாஃப் மூன் பே வரை போய்வர ஆசை. அதற்குள் எப்படிச் சரிசெய்வது?"

சரி செய்துவிடலாம். நீங்கள் சொல்லும் நான்கு குறையும் நான்கு தனித்தனி நோய் இல்லை. வேகம், கண் இந்த இரண்டையும் ஒழுங்குபடுத்தினால் பெரும்பகுதி தானாகவே அடங்கிவிடும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. மெத்தென்று இறங்கியதா என்பதை வைத்து லேண்டிங்கை மதிப்பிடுவதை நிறுத்துங்கள். பாலோ ஆல்டோ ஓடுபாதையின் நீளம் 2,443 அடி. அதில் 1,500 அடி தாண்டிப் பூப்போல இறங்குவது மோசமான லேண்டிங். நினைத்த இடத்தில், சரியான வேகத்தில், நேராகத் தொட்டு, கொஞ்சம் அழுத்தமாக உட்கார்ந்தால் அது நல்ல லேண்டிங். ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் உங்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஓடுபாதையின் தொடக்கத்தைத் தாண்டும்போது வேகம் என்ன? நினைத்த இடத்துக்கு எவ்வளவு தள்ளி முதன்மைச் சக்கரங்கள் தொட்டன? தொடும்போது விமானம் நடுக்கோட்டுக்கு இணையாக இருந்ததா? உங்கள் தேர்வில் சாதாரண லேண்டிங்குக்கு வைத்த அளவே, குறித்த இடத்திலிருந்து 400 அடிக்குள் தொட வேண்டும் என்பதுதான். அதில் மென்மைக்குத் தனி மதிப்பெண் கிடையாது. அந்த 400 அடியை 200 ஆகக் குறைப்பதை இனி உங்கள் இலக்காக வையுங்கள். கமர்ஷியல் விமானிக்கு வைக்கும் அளவு அது.

இப்போது வேகத்துக்கு வருவோம்.

விமானம் மிதக்கிறது என்றால் ஏறக்குறைய எப்போதும் வேகம்தான் காரணம். 172எஸ் கையேடு முழு ஃபிளாப்புடன் (இறக்கையின் பின்னோரத்தில் கீழே இறங்கும் பலகை) இறங்கும் வேகம் 60 முதல் 70 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) என்கிறது. குறுகிய ஓடுபாதைக்கு 61 நாட். புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் இந்த 70ஐப் பிடித்துக்கொள்வார்கள். தனியாக ஓட்டும்போது மனசுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று அதற்கு மேலும் ஒரு 5 நாட் சேர்ந்துவிடும். 61க்குப் பதில் 70இல் வந்தால் வேகம் 15 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் விமானம் சுமந்து வரும் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், கரைக்க வேண்டிய ஆற்றல் 30 சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. அதைத் தரைக்கு மேல் மிதந்துதான் கரைக்க முடியும். 65 நாட்டில் நொடிக்கு 110 அடி போகிறீர்கள். ஐந்து நொடி மிதந்தால் 550 அடி போச்சு. பாலோ ஆல்டோவில் அது ஓடுபாதையின் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று எடை. அந்த 61 நாட், விமானத்தின் உச்ச எடையான 2,550 பவுண்டுக்குச் சொன்னது. நீங்கள் ஒருவர் மட்டும், பாதி பெட்ரோலோடு போனால் எடை 2,100 பவுண்டு அளவில்தான் இருக்கும். எடை எத்தனை சதவீதம் குறைகிறதோ அதில் ஏறக்குறைய பாதிச் சதவீதம் ஸ்டால் வேகமும் (அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்கும் பலத்தை இழக்கும்) குறையும். இங்கே எடை 18 சதவீதம் குறைவு, ஆகவே வேகம் 9 சதவீதம் குறையலாம். 61 என்பது 55, 56 ஆகிறது. அந்த எடையில் 70இல் வரும்போது நீங்கள் கிட்டத்தட்ட 15 நாட் கூடுதலாகத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். பயிற்றுநர் பக்கத்தில் இருந்தபோது இவ்வளவு மிதக்காமல், தனியாகப் போகும்போது மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே தனியாக 55இல் வந்துவிடாதீர்கள். முதலில் 65ஐ உறுதியாகப் பிடிக்கப் பழகுங்கள், பிறகு 62, 61 என்று வாருங்கள். அதற்கும் கீழே போவது பயிற்றுநரோடு செய்ய வேண்டிய வேலை. இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. "ஸ்டால் வேகத்தின் 1.3 மடங்கு" என்ற கணக்கை வேக மீட்டரில் தெரியும் எண்ணை வைத்துப் போடக் கூடாது. 172எஸ் முழு ஃபிளாப்போடு ஸ்டால் ஆகும்போது மீட்டர் 40 காட்டும், ஆனால் பிழை நீக்கிய வேகம் 48. நாற்பதை 1.3ஆல் பெருக்கினால் 52 வரும், அது ஆபத்தான எண். 48ஐப் பெருக்கினால் 62. கையேட்டின் எண் ஏன் அங்கே நிற்கிறது என்று இப்போது புரியும். காற்று வீச்சு ஏறி இறங்கினால் அந்த வித்தியாசத்தில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். 12 நாட் காற்று 20 வரை எகிறுகிறது என்றால், 4 நாட். காற்று சீராக இருக்கும் நாளில் எதையும் கூட்ட வேண்டாம்.

வேகத்தைக் கையால் பிடித்து வைக்க முயன்றால் கை அலுத்துவிடும், கண்ணும் மீட்டரிலேயே ஒட்டிக்கொள்ளும். அந்த வேலையை ட்ரிம்முக்கு, அதாவது கை அழுத்தம் இல்லாமலே மூக்கின் நிலையைப் பிடித்து வைக்கும் சக்கரத்துக்கு, கொடுங்கள். டவுன்விண்டில் (ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் கட்டம்) ஓடுபாதைத் தொடக்கத்துக்கு நேரே வந்ததும் எஞ்சினை 1,500 ஆர்பிஎம் அளவுக்குக் குறைத்து, முதல் ஃபிளாப் போட்டு, 80க்கு ட்ரிம் செய்யுங்கள். பேஸில் (ஓடுபாதைக்குக் குறுக்காகப் போகும் கட்டம்) 20 டிகிரி ஃபிளாப், 70. ஃபைனலில் (ஓடுபாதையை நோக்கி நேராக இறங்கும் கட்டம்) முழு ஃபிளாப், 65, பிறகு 61. ஒவ்வொரு கட்டத்திலும் யோக்கிலிருந்து (கையால் பிடித்து ஓட்டும் ஸ்டியரிங்) விரலை ஒரு நொடி எடுத்துப் பாருங்கள். மூக்கு எழும்பாமல் தாழாமல் அப்படியே நின்றால் ட்ரிம் சரி. இதைச் செய்பவருக்கு ஃபைனலில் கண்ணைத் தூக்கி வெளியே பார்க்க நேரம் கிடைக்கும்.

ஃபைனலில் வெளியே பார்க்க வேண்டியது, கண்ணாடியில் மேலேயும் கீழேயும் நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் புள்ளியை. அது கீழே நழுவினால் நீங்கள் தாண்டிப் போகிறீர்கள், மேலே ஏறினால் முன்னாலேயே விழப்போகிறீர்கள். அந்தப் புள்ளியில் சக்கரம் தொடாது என்பது நினைவிருக்கட்டும். ஃபிளேரில், அதாவது தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்கி இறக்கத்தைத் தணிக்கும் கட்டத்தில், இன்னும் கொஞ்ச தூரம் போய்த்தான் தொடும். ஆகவே தொட நினைக்கும் இடத்துக்கு இருநூறு முந்நூறு அடி முன்னால் இருக்கும் ஒரு கோட்டையோ எண்ணையோ குறியாக வையுங்கள்.

அடுத்தது கண். நீங்கள் ஒரு நாள் மிதந்து மறுநாள் விழுவது, ஃபிளேரின் உயரத்தை ஒவ்வொரு நாளும் வெவ்வேறாகக் கணிக்கிறீர்கள் என்பதைக் காட்டுகிறது. கண் எங்கே பார்க்கிறது என்பதில்தான் இது தீர்மானமாகிறது. ஹைவேயில் கார் ஓட்டும்போது பானெட்டுக்கு முன்னால் இருக்கும் தார்ச்சாலையைப் பார்த்தா ஓட்டுகிறோம்? தூரத்தில் பார்க்கிறோம், பக்கத்தில் இருப்பதை ஓரக்கண் கவனித்துக்கொள்கிறது. இங்கேயும் அப்படியே. ஓடுபாதைக்கு மேலே வந்த பிறகும் குறிப்புள்ளியையே முறைத்துக்கொண்டிருந்தால், அது மங்கலாகப் பின்னால் ஓடும், தரை வேகமாக எழும்பி வருவதுபோலத் தெரியும், கை பயந்துபோய் இழுத்துவிடும். விமானம் பதினைந்து அடியில் நின்று, வேகம் செத்து, தட்டென்று விழும். மாறாக, ஓடுபாதையின் கடைசி முனையை மட்டும் பார்த்தால் தரை எங்கே இருக்கிறது என்றே தெரியாது, ஃபிளேர் தாமதமாகிவிடும்.

இதைக் கொஞ்சம் மெதுவாக நடத்திப் பார்ப்போம். ஓடுபாதையின் தொடக்கத்தைத் தாண்டிவிட்டீர்கள், குறிப்புள்ளி மூக்குக்குக் கீழே மறையப் போகிறது. அந்த நேரத்தில் பார்வையைத் தூக்கி, ஓடுபாதையின் தூரத்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். இருபது அடிக்கும் பத்து அடிக்கும் நடுவே, இறங்கும் சரிவைத் தட்டையாக்கும் அளவுக்கு மட்டும் யோக்கை இழுங்கள், கூடவே த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைப்பது) மெதுவாக முழுதும் மூடுங்கள். இந்தக் கட்டத்தில் ஓடுபாதையின் இரண்டு ஓரங்களும் ஓரக்கண்ணில் சட்டென்று விரிய ஆரம்பிக்கும். உயரத்தைச் சொல்லும் அடையாளம் அதுதான், தவறவிடாதீர்கள். விமானம் இப்போது இரண்டு மூன்று அடியில் தட்டையாகப் போகிறது. வேகம் குறையக் குறையக் கீழே அமுங்கப் பார்க்கும். அமுங்குவதை இருக்கையிலேயே உணரலாம். அமுங்கும் அளவுக்கு இழுங்கள், அதற்கு மேல் இழுக்காதீர்கள். அமுங்கவில்லையா, கை அசையாமல் காத்திருக்கட்டும். மறுபடி அமுங்கும், மறுபடி கொஞ்சம் இழுப்பீர்கள். மூக்கு எழுந்து ஓடுபாதையின் முனையை மறைக்கும். அப்போது பார்வை இடப்பக்க ஓரத்துக்கு, கொஞ்சம் முன்னால் தள்ளிப் போக வேண்டும். யோக் ஏறக்குறைய வயிற்றை ஒட்டி வந்திருக்கும், ஸ்டால் எச்சரிக்கை ஒலி முனக ஆரம்பித்திருக்கும், அப்போது முதன்மைச் சக்கரங்கள் தொடும். தொட்ட பிறகும் இழுப்பை விடாதீர்கள். மூக்குச் சக்கரம் தானாகக் கீழே வரட்டும்.

இதில் மிகவும் கடினமானது அந்தக் காத்திருப்பு. புதியவர்கள் ஃபிளேர் என்றால் ஒரே இழுப்பு என்று நினைக்கிறார்கள். ஒரு முறை இழுத்துவிட்டு, இனி தரை வந்து தொடட்டும் என்று கையைப் பூட்டிவிடுகிறார்கள்.

ஓடுபாதையின் அகலமும் கண்ணை ஏமாற்றும். பாலோ ஆல்டோவின் அகலம் 70 அடி, ஹாஃப் மூன் பேயில் 150 அடி. இரண்டு மடங்குக்கு மேல். குறுகலான பாதையில் பழகிய கண், அகலமான பாதையைப் பார்த்ததும் நாம் ஏற்கெனவே தாழ்ந்துவிட்டோம் என்று நினைக்கும். அதனால் ஃபைனலில் உயரமாக வருவீர்கள், ஃபிளேரையும் உயரத்திலேயே ஆரம்பித்துவிடுவீர்கள். அப்பா அம்மாவோடு போகும் நாளன்று இதை முதல்முறையாகச் சந்திக்கக் கூடாது. முன்னதாகவே அங்கே போய் இறங்கிப் பழகிவிடுங்கள்.

மூக்கு இடப்பக்கம் திரும்பி நிற்பதற்கு வருகிறேன். இது மிகப் பொதுவான குறை. நீங்கள் உட்கார்ந்திருப்பது விமானத்தின் நடுவில் இல்லை, இடப்பக்க இருக்கையில். எஞ்சின் மூடியின் நடு முனையை நடுக்கோட்டின் மேல் பொருத்தினால் நேராக இருக்கும் என்று கண் நம்புகிறது. ஆனால் உங்கள் கண்ணிலிருந்து அந்த முனைக்குப் போகும் கோடு வலப்பக்கம் சாய்வானது. அந்தச் சாய்வான கோட்டை ஓடுபாதையின் மேல் கொண்டுவர, உங்களை அறியாமலே மூக்கை இடப்பக்கம் திருப்புகிறீர்கள். பரிகாரம் எளிது. டாக்ஸிவேயின் (ஓடுபாதைக்குப் போகும் தரைப்பாதை) மஞ்சள் கோட்டில் மூக்குச் சக்கரத்தை வைத்து விமானத்தை நேராக நிறுத்துங்கள். அப்போது உங்கள் கண்ணுக்கு நேர் முன்னால் எஞ்சின் மூடியில் எந்த இடம் வருகிறது, எந்த ஆணி வரிசை வருகிறது என்று பாருங்கள். அழியக்கூடிய மார்க்கரால் கண்ணாடியில் ஒரு சின்னப் புள்ளி வைத்தாலும் தப்பில்லை, இறங்கியதும் துடைத்துவிடலாம். அந்த இடம் தூரத்து முனையை நேராகப் பார்க்கிறதா என்பதுதான் சோதனை. அதே நேரம், தரையில் உட்கார்ந்திருக்கும்போது தொடுவானம் எந்த உயரத்தில் தெரிகிறது, ஓரங்கள் எந்தக் கோணத்தில் விரிகின்றன என்பதையும் மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டேக்-ஆஃபுக்கு முன்பும் ஓடுபாதையில் நேராக நின்றவுடன் இரண்டு நொடி இதைப் பார்க்கலாம். சில நிமிடங்கள் கழித்து நீங்கள் திரும்பி வந்து சேர வேண்டிய காட்சி கிட்டத்தட்ட அதுதான்.

குதிப்பதைப் பற்றி. ஒரு சின்னக் குதிப்பு, ஓரிரு அடி என்றால், மூக்கை லேண்டிங் நிலையில் அப்படியே வைத்து, தேவையானால் துளி த்ராட்டில் கொடுத்து, மறுபடி இறங்கிவிடலாம். செய்யவே கூடாதது யோக்கைத் தள்ளுவது. தள்ளினால் மூக்குச் சக்கரம் முதலில் அடிக்கும், விமானம் இன்னும் உயரமாக எழும்பும், மறுபடி தள்ளுவீர்கள், இரண்டாவது மூன்றாவது அடியில் மூக்குச் சக்கரத்தின் தண்டும் எஞ்சினைத் தாங்கும் சுவரும் வளையும், புரொப்பெல்லர் தரையில் இடிக்கும். கொஞ்சம் பெரிய குதிப்பு என்றாலே யோசிக்காமல் கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறிவிடுவது. இரண்டாவது முறை குதித்தால் விவாதமே வேண்டாம்.

அந்த கோ-அரவுண்ட் எத்தனை பேருக்குக் கையில் இருக்கிறது? தேர்வுக்குப் பிறகு பலர் அதைப் பழகுவதே இல்லை. முழு ஃபிளாப்போடு, 61க்கு ட்ரிம் செய்த விமானத்தில் முழு த்ராட்டிலும் கொடுத்தால் மூக்கு பலமாக மேலே எழும்பும். அதை எதிர்த்து யோக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும், வலக்கால் ரடரும் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகை) வேண்டும். அழுத்தத் தவறினால் தரையை ஒட்டிய ஸ்டால்தான். முழு த்ராட்டில், மூக்கைக் கட்டுப்படுத்து, ஃபிளாப் உடனே 20, வேகம் 60, தடைகளைத் தாண்டும் வரை ஃபிளாப் 10, பாதுகாப்பான உயரமும் 65 நாட்டும் வந்த பிறகு பூஜ்யம். 172எஸ் கையேட்டின் வரிசை இது. பழைய 172என் போன்றவற்றில் ஃபிளாப் 40 டிகிரி வரை இறங்கும், அதோடு ஏறுவது இன்னும் சிரமம். கார்புரேட்டர் ஹீட்டையும் மூட வேண்டும். ஒவ்வொரு பயிற்சி நாளிலும் ஒரு லேண்டிங்கைக் கோ-அரவுண்ட் என்று முன்பே தீர்மானித்துவிடுங்கள். பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும்போது கோட்டைத் தாண்டிப் போய்விட்டாலும் இதுவே பதில். ரடரை மிதித்து மூக்கை இழுத்துக்கொண்டு வருவது ஸ்பின்னுக்கு, அதாவது ஸ்டால் ஆகிச் சுழன்றபடி விழுவதற்கு, வழி. அந்த உயரத்தில் ஸ்பின்னிலிருந்து மீள இடம் இருக்காது.

பக்கக்காற்று. பயம் இருப்பது நல்லதுதான், ஆனால் அது எண்ணாக மாற வேண்டும். காற்று ஓடுபாதைக்கு 30 டிகிரி விலகி வீசினால் அதில் பாதி பக்கக்காற்று. 45 டிகிரி என்றால் 70 சதவீதம். 60 டிகிரிக்கு மேலே போனால் முழுசாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதை 31க்கு (அதாவது 310 டிகிரி திசைக்கு) வரும்போது டவர் 340இல் 12 நாட் என்று சொன்னால் பக்கக்காற்று 6 நாட். ஒரு சின்னக் குறிப்பு: டவர் சொல்வது காந்த வடக்கை வைத்து. நீங்கள் வீட்டிலிருந்தே பார்க்கும் மெட்டார் எனும் வானிலை அறிக்கையில் இருப்பது உண்மை வடக்கை வைத்து. பே ஏரியாவில் இரண்டுக்கும் 13 டிகிரி அளவுக்கு வித்தியாசம். மெட்டாரில் 350 என்றால் ஓடுபாதை எண்ணோடு ஒப்பிட 337 என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

கைவேலை இது. ஃபைனலில் மூக்கைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் திருப்பி, நண்டு நடையில் வாருங்கள். நூறு இருநூறு அடி உயரத்தில், ரடரால் மூக்கை நடுக்கோட்டுக்கு நேராக்குங்கள். உடனே காற்று உங்களைத் தள்ள ஆரம்பிக்கும். எய்லரானால் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை) காற்றுப் பக்க இறக்கையைத் தாழ்த்தி அதை நிறுத்துங்கள். இனி இரண்டு கட்டுப்பாட்டுக்கும் தனித்தனி வேலை. மூக்கு திரும்பினால் ரடர். பக்கவாட்டில் நகர்ந்தால் எய்லரான். இதைக் கலக்காதீர்கள். நடுக்கோட்டை விட்டு விலகியதும் கார் ஸ்டியரிங் நினைப்பில் ரடரை மிதிப்பதால்தான் டயர் கிறீச்சிடுகிறது. ரடர் முழுதும் போட்டும் மூக்கு நேராகவில்லை என்றால் இன்று இந்த ஓடுபாதை உங்களுக்கு இல்லை. வேறு ஓடுபாதை இருக்கும் இடத்துக்குப் போங்கள். வாட்சன்வில் போல ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஓடுபாதைகள் உள்ள நிலையங்கள் அப்போதுதான் கைகொடுக்கும்.

தொடும்போது காற்றுப் பக்கச் சக்கரம் முதலில் தொடும். அது சரிதான், பதற வேண்டாம். பலர் அந்த நிமிடத்தில் எய்லரானை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு. வேகம் குறையக் குறைய எய்லரானின் பிடி குறைகிறது, ஆகவே காற்றுப் பக்கம் இன்னும் இன்னும் திருப்பி, டாக்ஸி வேகத்துக்கு வரும்போது முழுசாகத் திருப்பியிருக்க வேண்டும். ஓடுபாதையை விட்டு வெளியேறி விமானத்தை நிறுத்தும் வரை ஃபிளாப் சுவிட்சையோ ரேடியோவையோ தொடாதீர்கள்.

172எஸ் கையேட்டில் இருக்கும் 15 நாட், விமானம் எட்டிக் காட்டிய அளவு. உங்கள் அளவு அதுவாக இருக்க வேண்டியதில்லை. இப்போதைக்கு 6, 7 நாட் என்று எழுதி வையுங்கள். பயிற்றுநரோடு 10, 12இல் பழகிய பிறகு அதைத் திருத்துங்கள். அடக்கமான காலை நேரத்தை மட்டுமே பார்த்துப் பறந்தால் இந்த எண் என்றைக்கும் ஏறாது. கோடைப் பிற்பகலில் பே ஏரியாவில் கடற்காற்று எழும். அந்த நேரத்துக்குத்தான் பயிற்றுநரை அழைக்க வேண்டும்.

அவரோடு ஒரு மணி நேரம் கிடைத்தால் எனக்குப் பிடித்த பயிற்சி ஒன்று இருக்கிறது. லிவர்மோர் போல 5,000 அடிக்கு மேல் நீளமான ஓடுபாதைக்குப் போய், டவரிடம் தொடாமல் கடந்து போக அனுமதி கேளுங்கள். பத்து அடி உயரத்தில், கொஞ்சம் த்ராட்டில் வைத்து, 65 நாட்டில், ஓடுபாதை நெடுக நடுக்கோட்டின் மேலேயே போங்கள். தொட வேண்டாம். முனை நெருங்குவதற்கு நிறைய முன்பே கோ-அரவுண்ட். சாதாரண லேண்டிங்கில் ஃபிளேர் உயரத்தில் இருப்பது சில நொடிதான். கண் அந்த உயரத்தைக் கற்றுக்கொள்ள அது போதவே போதாது. இந்தப் பயிற்சியில் ஒரே கடப்பில் அதைவிடப் பல மடங்கு நேரம் கிடைக்கிறது. பக்கக்காற்று இருந்தால் ரடரும் எய்லரானும் பிரிந்து வேலை செய்வதும் இங்கேதான் காலுக்கும் கைக்கும் புரியும். தனியாக இதை முயல வேண்டாம்.

தனியாகப் பழகும் நாளில் தொட்டுத் தொட்டு எழும்புவதை விட, முழுசாக நிறுத்தி, டாக்ஸி செய்து திரும்பி வந்து, அடுத்ததை ஆரம்பியுங்கள். எண்ணிக்கை குறையும், ஆனால் அந்த டாக்ஸி நேரத்தில்தான் மூன்று கேள்விக்கும் பதில் யோசிக்க முடியும். தொட்டவுடன் எழும்பும் பழக்கத்தில் சக்கரம் தொட்ட பிறகான வேலையை யாருமே கற்பதில்லை. ஐந்தாறு முறைக்கு மேல் வேண்டாம், களைத்த கை தப்பையே பழகும். பின்னால் ஒரு சின்னக் கேமராவைப் பொருத்திக்கொள்ளுங்கள். தொட்ட இடத்தையும் மூக்கின் கோணத்தையும் நம் ஞாபகம் நமக்குச் சாதகமாகவே சொல்லும், படம் அப்படிச் சொல்லாது.

இனி அப்பா அம்மா. சட்டப்படி, முந்தைய 90 நாளில் மூன்று டேக்-ஆஃபும் மூன்று லேண்டிங்கும் செய்திருந்தால் பயணிகளை ஏற்றலாம். அது குறைந்தபட்சம், அவ்வளவுதான். நீங்கள் இதுவரை தனியாகவோ ஒருவர் பக்கத்தில் இருக்கவோதான் ஓட்டியிருக்கிறீர்கள். ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் உட்கார்ந்தால் எடை 2,300, 2,400 பவுண்டுக்கு ஏறும், எடையின் மையம் பின்னால் நகரும். ஃபிளேரில் யோக் லேசாகிவிடும். தனியாக இருக்கும்போது இழுத்த அதே பலத்தில் இழுத்தால் மூக்கு அளவுக்கு மேல் எழும்பும். அதே நேரம், கனமான விமானம் சீக்கிரம் அமுங்கும், மிதப்பு குறையும். தனி ஆள் எடைக்குக் கணக்கிட்ட 55, 56 எல்லாம் அன்றைக்குச் செல்லாது, 60ஐ ஒட்டியே நிற்க வேண்டும். எடை, மையக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள், அன்றைய வேகத்தையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஹாஃப் மூன் பேயில் டவர் கிடையாது, கோடைக் காலைகளில் கடல் மூடுபனி ஓடுபாதையையே மூடியிருக்கும். பனி விலகும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பிற்பகல் காற்று எழுந்துவிட்டால் அன்று போகாமல் இருக்கவும் தயாராக இருங்கள். ஊரிலிருந்து வருபவர்கள் திரும்பும் தேதி வைத்திருப்பார்கள். ஆகவே ஒரே ஒரு நாளைக் குறிக்காமல் மூன்று நான்கு நாளை வீட்டில் சொல்லி வையுங்கள்.

அவர்கள் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் பயிற்றுநரை வலப்பக்கம் உட்கார வைத்து, உங்கள் அப்பாவின் எடைக்கு நெருக்கமான ஒரு நண்பரைப் பின்னிருக்கையில் ஏற்றி, அன்றைக்குப் போடப்போகும் அளவு பெட்ரோலே போட்டு, ஹாஃப் மூன் பேயில் நான்கு லேண்டிங்கும் ஒரு கோ-அரவுண்டும் செய்யுங்கள். அந்த நான்கில் மூன்று, குறித்த இடத்துக்கு 200 அடிக்குள், மூக்கு நேராக வந்தால் அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கையைத் தயார் செய்யலாம். வரவில்லை என்றால் பயிற்றுநரையும் கூடவே அழைத்துக்கொண்டு நான்கு பேராகப் போங்கள். 172இல் இடம் இருக்கிறது, பெட்ரோலை மட்டும் எடைக் கணக்குக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.